மாடு பிடிக்கிறவன் படகு பார்த்த கதை

1

ஒரு ஜோடி உழவு மாட்டைப் பார்த்து வாங்கத் தெரிந்தவனுக்கு உலகத்தில் எதையும் பார்த்து வாங்கத் தெரியும் என்று நான் நம்பிக்கொண்டிருந்தேன். சைக்கிள், தையல் மிஷின், மருமகள், எதுவாக இருந்தால் என்ன? பல்லைப் பார், சுழியைப் பார், நடக்கவிட்டுப் பார். இந்த நம்பிக்கையோடு பினாங்கில் இருபது வருஷத்துக்கு மேல் ஓட்டிவிட்டேன். யாரும் என்னைச் சோதிக்கவில்லை. போன சித்திரையில் என் மகன் சோதித்தான். ஒரு பழைய பாய்ப்படகைப் பார்க்கக் கூப்பிட்டான்.

ஆடித்தபசுத் திருவிழா மலருக்கு அக்கரையிலிருந்து ஏதாவது எழுதும்படி ஊரில் கேட்டிருக்கிறார்கள். 'இளைஞர்களுக்குப் பயன்படும்படியாக' என்று அடியில் கோடு வேறு போட்டிருக்கிறார்கள். பயன்படுமா என்று எனக்குத் தெரியாது. நடந்ததை எழுதுகிறேன்.

முதலில் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். சங்கரன்கோவில்காரனுக்கும் கடலுக்கும் கொடுக்கல் வாங்கல் கிடையாது. நாம் அறிந்த ஒரே கப்பல் நம் கோவில் தெப்பம். மழை பெய்த வருஷம் மிதக்கும், பெய்யாத வருஷம் மிதந்ததாக வைத்துக்கொள்வோம். நான் கடலைப் பார்த்தது நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறிய அன்றுதான். பார்த்தேன் என்பதும் அதிகப்படி. புளியங்குடி எலுமிச்சம்பழம் ஒன்றை மூக்கில் வைத்துக்கொண்டு, வாளிக்குள் தலையை விட்டபடியே பினாங்கு வந்து சேர்ந்தேன். அதன்பிறகு துறைமுகத்துக்குப் பக்கத்திலேயே அரிசிக் கிட்டங்கியில் கணக்கெழுதும் கிராணி வேலை. ஜன்னலுக்கு வெளியே கடல்தான். நான் ஜன்னலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருக்கிறேன்.

2

மகன் பெயர் சங்கரன். சர்வே ஆபீசில் படம் வரைகிறான். வீட்டில் தமிழ், தெருவில் மலாய், ஆபீசில் இங்கிலீஷ். லியோங் என்று அவனுக்கு ஒரு சீனச் சிநேகிதன், அவனோடு மட்டும் மூன்றையும் கலந்து. இரண்டு பேரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார்கள். "என்னலே?" என்று கேட்டால் சங்கரன் சிரிப்பை நிறுத்திவிட்டுத் தமிழில் சொல்லிப் பார்ப்பான். பாதி வழியில் அந்த வேடிக்கை செத்துப்போகும். "ஒண்ணுமில்லப்பா" என்று முடித்துவிடுவான். பிள்ளைகள் தூரம் போகிறார்கள் என்று இங்குள்ள தகப்பன்மார் அங்கலாய்ப்பது இதைத்தான்.

ஒருநாள் சாப்பிடும்போது அவனே பேச்சைத் தொடங்கினான். ரப்பர் கம்பெனி இஞ்சினியர் ஒருவர், பெல்லமி என்று பெயர், வேலையை முடித்துக்கொண்டு சீமைக்குத் திரும்புகிறாராம். தன் கையால் கட்டிய இரட்டைப் படகை விற்கிறாராம். நீளமான இரண்டு ஓடங்கள், நடுவில் குறுக்குக் கட்டைகள் போட்டு இணைத்தது, மேலே பாய். தானும் லியோங்கும் சேர்ந்து வாங்கி, விடுமுறைக்கு எதிரே கெடா மாநிலக் கரைப்பக்கம் போய் ஓர் இரவு தங்கி வரப்போவதாகச் சொன்னான்.

என் மனைவி கோமதி ரசத்தை ஊற்றிக்கொண்டே சொன்னாள்: "அப்பா போய் ஏறிப் பாக்கட்டும். சரின்னு சொன்னா வாங்கிக்கோ. வேண்டாம்னா அந்தப் பேச்சையே விட்டுரணும்."

அவன் வாதாடுவான் என்று நினைத்தேன். "சரிம்மா. அப்பா சொன்னா சொன்னதுதான்" என்றான். எனக்கு ரசம் புரையேறியது.

அவன் எழுந்து போனபிறகு கோமதி குரலைத் தாழ்த்தினாள். "போய்ப் பாத்துட்டு, வேண்டாம்னு சொல்லிட்டு வாங்க."

"வேண்டாம்னு சொல்லுததுக்கு நான் எதுக்குட்டி ஏறணும்? கரையில நின்னே சொல்லிருதேன்."

"ஏறாம சொன்னா அவன் நம்புவானா? ஏறுங்க. ஏறிட்டுச் சொல்லுங்க. ஒத்தப் பிள்ளைய வச்சிருக்கோம்."

ஆக, என் வேலை தீர்மானமாகிவிட்டது. ஏற வேண்டும், எதையாவது பார்ப்பதுபோல் பார்க்க வேண்டும், குறை கண்டுபிடிக்க வேண்டும், இறங்க வேண்டும். இதில் முதல் வேலையை நினைத்துத்தான் எனக்கு உறக்கம் வரவில்லை.

3

துணைக்கு மைதீன் அண்ணாச்சியை அழைத்துக்கொண்டேன். கடையநல்லூர்க்காரர். துறைமுகத் தெருவில் கயிறு, லாந்தர், சோப்பு, பீடி எல்லாம் விற்கிற கடை வைத்திருக்கிறார். அவரிடம் புதுக்கயிறாக ஒரு பெரிய சுருள் வாங்கித் தோளில் மாட்டிக்கொண்டேன்.

"கயிறு எதுக்குவே? படகு வேண்டாம்னு சொல்லத்தானே போறீரு?"

"மாடு பாக்கப் போறவன் வெறுங்கையோட போவானா அண்ணாச்சி?"

"நீரு பாக்கப் போறது மாடு இல்லைய்யா."

"ரெண்டு உருப்படி, நடுவுல நுகத்தடி. பின்ன என்னவாம்?"

தீவின் வடகரையில் ஒரு சிறு குடாவில் படகு கிடந்தது. வெள்ளைப் பெயிண்ட். பார்த்ததும் எனக்குத் தைரியமே வந்துவிட்டது, அப்படி ஜோடி மாடு மாதிரிதான் நின்றது. பெல்லமி துரை நெட்டையாக, அரைக்கால் சட்டையோடு வந்து கை கொடுத்தார். இந்த மாதிரிப் படகுக்கு இங்கிலீஷிலும் கட்டுமரம் என்று தமிழ்ப் பெயரேதான், உங்கள் ஆட்கள் கண்டுபிடித்தது என்று என்னிடம் மரியாதையாகச் சொன்னார். அவர் சொன்ன ஆட்கள் தூத்துக்குடி, மணப்பாட்டுக் கரை ஆட்கள். என் ஊரிலிருந்து கடலைப் பார்க்க ஒரு பகல் முழுக்க பஸ்ஸில் குலுங்க வேண்டும். ஆனாலும் 'ஆமாம், நாங்கள்தான்' என்கிற மாதிரி தலையை ஆட்டினேன். மைதீன் அண்ணாச்சி வேறு பக்கம் திரும்பி இருமினார்.

நான் வேலையை ஆரம்பித்தேன். இடது ஓடத்தை முன்னாலிருந்து பார்த்தேன். பின்னாலிருந்து பார்த்தேன். குனிந்து அடிவயிற்றைத் தடவினேன். மேலநீலிதநல்லூர் பக்கம் எங்கள் மாமா மாடு பிடிக்கப் போகும்போது நானும் கூடப் போவேன். அவர் முதலில் நெற்றியில் சுழி பார்ப்பார், பிறகு முதுகில் தட்டி, தோல் துடிக்கிறதா என்று பார்ப்பார். நானும் தட்டினேன். பலகை துடிக்கவில்லை. வலது ஓடத்தையும் தட்டினேன். பிறகு இரண்டையும் தள்ளி நின்று ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தேன்.

"என்னத்தவே பாக்கீரு?" என்றார் அண்ணாச்சி.

"ஜோடிப் பொருத்தம்."

"ஜாதகமும் கேப்பீரு போல."

சங்கரன் துரையிடம் இங்கிலீஷில் ஏதோ சமாதானம் சொன்னான். காது மடல் சிவந்திருந்தது. லியோங் மட்டும் என்னை அக்கறையோடு கவனித்து, நான் தட்டிய இடத்தையெல்லாம் தானும் தட்டிக்கொண்டு வந்தான். உலகத்தில் எனக்குக் கிடைத்த ஒரே சிஷ்யன்.

துரை ஏறிப் பார்க்கும்படி கையைக் காட்டினார்.

ஏறினேன். இரண்டு ஓடங்களுக்கும் நடுவே பலகைச் சட்டம் ஒன்று இருந்தது. அதில் கால் வைத்த மாத்திரத்தில் படகு ஒரு பக்கம் சாய்ந்தது. சாய்ந்ததா? நான் சாய்ந்தேனா? அதையெல்லாம் யோசிக்க அப்போது நேரமில்லை. பாய்மரத்தை இரண்டு கையாலும் கட்டிப் பிடித்துக் கண்ணை மூடிக்கொண்டேன். பிறகு ஒரு கையை மட்டும் விட்டு, கோமதி மடியில் கட்டிக் கொடுத்திருந்த நம் கோவில் புற்றுமண் பொட்டலத்தைப் பல்லால் பிரித்து, முழுவதையும் நெற்றியில் அப்பிக்கொண்டேன். சங்கரலிங்கத்தையும் கோமதி அம்மனையும் சத்தமாகவே கூப்பிட்டேன். "கரைக்குத் திருப்புங்க! கரைக்குத் திருப்புங்க!" என்று கத்தினேன்.

யாரும் திருப்பவில்லை. வெகுநேரம் கழித்து அண்ணாச்சியின் குரல் பக்கத்திலேயே கேட்டது.

"வே, கண்ணத் தொறந்து பாரும்."

திறந்தேன். அவர் என் முழங்காலுக்கு நேராக நின்றுகொண்டிருந்தார். செருப்பில் சேறு, அவ்வளவுதான். வற்றத்தில் கடல் உள்வாங்கி, படகு சகதியில் அசையாமல் உட்கார்ந்திருந்தது. அதை நான் ஏறுவதற்கு முன்பு அடிவயிற்றைத் தடவியபோதே பார்த்திருக்க வேண்டும். அவ்வளவு ஊன்றிப் பார்த்தவனுக்குத் தண்ணீர் இல்லாதது கண்ணில் படவில்லை.

4

துரை கைக்கடிகாரத்தைப் பார்த்தார். இன்னும் சற்று நேரத்தில் ஏற்றம் வந்துவிடும், தண்ணீர் படகைத் தூக்கியதும் எல்லாரும் ஒரு சுற்று போய் வரலாம் என்றார். தூரத்தில் சகதியின் ஓரம் பளபளவென்று நகர்ந்து வருவது தெரிந்தது. சகதியில் நின்ற படகிலேயே அம்மனைக் கூப்பிட்டவன் தண்ணீரில் யாரைக் கூப்பிடுவது?

அப்போதுதான் தோளில் கிடந்த கயிறு ஞாபகத்துக்கு வந்தது.

நம் பக்கத்து வழக்கம் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மாட்டைத்தான் விற்போம், கயிற்றை விற்க மாட்டோம். பழைய கயிறு விற்றவனுடைய தொழுவத்துக்குத் திரும்பிப் போகும். வாங்குகிறவன் தன் கயிற்றைப் போட்டுத்தான் ஓட்டிப் போவான். இந்தப் படகில் குறுக்குக் கட்டைகளை ஓடங்களோடு இணைத்திருந்தது ஆணி இல்லை. கைப்பருமனுக்குச் சுற்றிச் சுற்றிக் கட்டிய கயிறு. அத்தனையையும் அவிழ்த்துத் திரும்பக் கட்டுவதென்றால் எவ்வளவு நேரமாகும்! ஏற்றம் வந்து, இறங்கி, பொழுதும் சாய்ந்துவிடும்.

"சங்கரா, துரைகிட்ட சொல்லு. பழைய கயிறெல்லாம் அவருக்கு. அவுத்துக் குடுத்துட்டு, நம்ம கயிறப் போட்டுத்தான் ஓட்டிப் பாக்கணும்."

"அப்பா..."

"சொல்லுலே. நம்ம வழக்கம்."

அவன் சொன்னான். தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னான். துரை என்னையும் கயிற்றுச் சுருளையும் மாறி மாறிப் பார்த்தார். பசிபிக் தீவுகளில் இதைவிட விநோதமான வழக்கமெல்லாம் பார்த்திருப்பதாகவும், கட்டுகளைப் புதுப்பிக்க வேண்டிய காலம்தான் என்றும் சொன்னார். எல்லாம் வேண்டுமா, ஒன்று போதுமா என்று கேட்டார்.

"எல்லாம்" என்றேன்.

"யா அல்லா" என்றார் அண்ணாச்சி. பிறகு என் காதுக்குள், "ஏறப் பயந்துக்கிட்டு என்ன பாடு படுத்துதீருவே!"

"நீரு சும்மா இரும். கயிறு உம்ம கடைக் கயிறு. விளம்பரம்னு வச்சுக்கிடும்."

முன்கட்டையிலிருந்து தொடங்கினார்கள். நான் இறங்கிக் கரையில் நின்று மேற்பார்வை. துரை, சங்கரன், லியோங் மூவரும் முடிச்சுகளோடு மல்லுக்கட்டினார்கள். உப்புத் தண்ணீரில் ஊறி இறுகிய முடிச்சு. நன்றாக நேரம் போயிற்று. எனக்கு ஆனந்தம். தண்ணீர் வந்து படகின் அடியைத் தொட்டது. "மெதுவா, மெதுவா, கயிறு பிஞ்சிரப்படாது, துரைக்குத் திருப்பிக் குடுக்கணும்" என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

பின்கட்டைக்கு வந்தார்கள். வலது ஓடத்துக் கட்டு. கடைசிச் சுற்று கழன்று விழுந்ததும் சங்கரன் அசையாமல் நின்றான். கயிறு மூடியிருந்த இடம் மட்டும் கறுப்பாக இருந்தது. இரண்டு பக்கமும் வெள்ளைப் பெயிண்ட் பளிச்சென்று இருந்ததால் அந்தக் கறுப்பு இன்னும் கறுப்பாகத் தெரிந்தது. அவன் கட்டை விரலை வைத்து அழுத்தினான். நன்றாக ஊறிய உளுந்தம்பருப்பில் போவதுபோல விரல் நகக்கண் வரை உள்ளே போயிற்று.

போன ஞாயிற்றுக்கிழமை இதே படகில் மனைவியோடு நடுக்கடல் வரை போய் வந்ததாகத் துரை மெல்லச் சொன்னார். முகம் வெளிறிவிட்டது. கட்டையை உருவி எடுத்து, இரண்டு பாறைகளுக்கு மேல் குறுக்கே வைத்து, ஒரு காலை ஊன்றினார். சத்தம்கூடப் பெரிதாக வரவில்லை. இரண்டாகப் போய்விட்டது.

அந்தக் கட்டை கடலில் முறிந்திருந்தால் ஓடங்கள் ஆளுக்கொரு பக்கம் போயிருக்கும். நடுவில் இருந்தவர்கள் எந்தப் பக்கமும் போயிருக்க மாட்டார்கள்.

5

என் வேலை முடிந்தது. வேண்டாம் என்று சொல்ல இதைவிட நல்ல காரணம் யாருக்குக் கிடைக்கும்? வாயைத் திறந்தேன். அதற்குள் சங்கரன் வந்து என் முன்னால் நின்றான்.

"போதும்பா. வேண்டாம். வீட்டுக்குப் போவோம்" என்றான். அப்புறம் தயங்கித் தயங்கி, "நீங்க வேண்டாம்னு சொல்லத்தான் வர்றீங்கன்னு நெனச்சேன். கேலிக்குச் செய்றீங்கன்னு வெக்கமா இருந்தது. நெஜமாவே பாத்திருக்கீங்க" என்றான்.

பயந்து நேரத்தைக் கடத்தியவனுக்கு நிபுணன் என்று பட்டம் கட்டுகிறான் பிள்ளை. மைதீன் அண்ணாச்சி தாடியைத் தடவிக்கொண்டு வானத்தைப் பார்த்தார். அந்த மனிதர் அப்போது வாயை மூடிக்கொண்டிருந்ததற்கு நான் ஆயுள் முழுக்கக் கடன்பட்டிருக்கிறேன்.

பட்டம் கட்டியாயிற்று. அதற்குத் தக்க வேலை செய்தாக வேண்டும். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சகதியில் இறங்கினேன். இந்தத் தடவை சுழி பார்க்கவில்லை. கட்டை விரலை வைத்து, ஓடங்களின் ஒவ்வொரு பலகையாக அழுத்திக்கொண்டே போனேன். கயிறு மூடிய இடம், பெயிண்ட் தடித்த இடம், தண்ணீர் தேங்குகிற மூலை எல்லாம். தண்ணீர் முழங்காலுக்கு வந்தது, இடுப்புக்கு வந்தது. எனக்குப் பயப்பட ஞாபகமில்லை. லியோங் மறுபக்க ஓடத்தில் அதையே செய்தான். ஓரிடத்தில்கூட விரல் இறங்கவில்லை.

"ஏலே சங்கரா, நுகத்தடிதான் போச்சு. மாடு ரெண்டும் சுத்தமா இருக்கு. நுகத்தடி ஒடைஞ்சதுக்காக மாட்ட யாராவது வேண்டாம்பானா?"

"அப்பா, நெஜமாவா சொல்றீங்க?"

"புதுக் கட்டை போட்டு, நான் ஏறி ஒரு சுத்து போய்ப் பாத்துட்டு, அம்மாட்ட நானே சொல்லுதேன்."

அவன் அதை லியோங்கிடம் சொன்னான். இருவரும் அவர்கள் பாஷையில் ஏதோ பேசிச் சிரித்தார்கள். என்னவென்று கேட்கவில்லை. என்னைப் பற்றித்தான் என்று தெரிந்தது, அது போதும்.

சில நாள் கழித்து, புதுக் கட்டை போட்டு முடித்ததும் ஒரு சுற்று போனேன். பாய்மரத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டுதான். இந்தத் தடவை கண்ணைத் திறந்து வைத்திருந்தேன். வாளி தேவைப்பட்டது. அதைப் பற்றி விரிவாக எழுதினால் மலரின் கௌரவம் கெடும்.

அன்று வீட்டுக்கு வந்ததும் கோமதி கேட்ட முதல் கேள்வி: "ஏறினியளா? சகதியிலயா, தண்ணியிலயா?" அண்ணாச்சியின் நாக்கு அவ்வளவு நாள்தான் சும்மா இருந்தது.

"தண்ணியிலதான். நல்ல படகு. வாங்கட்டும்."

"வேண்டாம்னு சொல்லிட்டு வாங்கன்னுதானே அனுப்பினேன்?"

"கெட்ட கட்டையக் கண்டுபிடிச்சு மாத்தியாச்சு. இனி வேண்டாம்னா அது பொய். அவன் என்னை நம்புதான்ட்டி."

அவள் அடுப்பிலிருந்து சட்டியை இறக்கி வைத்தாள். பிறகு, "அப்ப அவன் போற அன்னைக்கு நீங்கதான் என் பக்கத்துல உக்காந்திருக்கணும். கிட்டங்கி கிட்டங்கின்னு ஓடப்படாது" என்றாள்.

6

படகை வாங்கினால் போதாது, துறைமுக ஆபீசில் பதிய வேண்டும். இரவில் கடலில் இருக்க அனுமதி வேறு வாங்க வேண்டும், காடுகளில் கலகம் நடக்கிற காலமாயிற்றே. சங்கரன் என்னையும் அழைத்துப் போனான். அங்கிருந்த அதிகாரி எங்கள் அடையாள அட்டைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். படகைப் பரிசோதித்தவர் யார் என்று கேட்டார். சங்கரன் என்னைக் கை காட்டினான். கடல் அனுபவம் உண்டா என்று என்னிடம் கேட்டார்.

"உண்டு. நாகப்பட்டினத்திலிருந்து பினாங்கு வரை."

"எந்த உத்தியோகத்தில்?"

"மேல்தட்டுப் பயணி."

அவர் சிரிக்கவில்லை. இங்கே அதிகாரிகள் சிரிப்பதற்கும் மேலிடத்து அனுமதி வேண்டும்போலிருக்கிறது. ஆனால் முத்திரை குத்திவிட்டார்.

ஆனியில் ஒரு சனிக்கிழமை காலை சங்கரனும் லியோங்கும் கிளம்பினார்கள். ஞாயிறு சாயங்காலம் திரும்புவதாகச் சொன்னார்கள். பாய் சிறிதாகி, கெடாப் பக்கம் வெள்ளைப் புள்ளியாகி, மறைந்துவிட்டது. நான் கோமதிக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். ஞாயிறு சாயங்காலம் வந்தது, அவர்கள் வரவில்லை. விளக்கு வைத்த பிறகும் வரவில்லை. நான் விரல் வைத்து அழுத்திய பலகைகளை ஒவ்வொன்றாக மனதில் திரும்ப அழுத்திப் பார்த்தேன். ஏதாவது ஒன்றை விட்டுவிட்டேனா? இடது ஓடத்தின் பின்மூலையைப் பார்த்தேனா, லியோங் பார்த்தானா? கோமதியிடம் ஒரு வேடிக்கை சொல்ல முயன்றேன். அது என் வாயிலேயே செத்துவிட்டது. அவள் என்னைக் குறை சொல்லி ஒரு வார்த்தை பேசவில்லை. பேசியிருந்தால் சௌகரியமாக இருந்திருக்கும்.

திங்கட்கிழமை விடிந்து, பால்காரன் வந்து போனபிறகு வாசலில் சைக்கிள் மணி கேட்டது. சங்கரன். முகமும் கழுத்தும் வெயிலில் கறுத்துத் தோல் உரிந்திருந்தது. ராத்திரி முழுக்கக் காற்றே இல்லை, படகு நின்ற இடத்திலேயே நின்றது, பலகை ஒன்றும் கசியவில்லை, லியோங்கும் வீட்டுக்குப் போய்விட்டான் என்றான். ஆபீசுக்கு நேரமாகிவிட்டது என்று நாலு வாளித் தண்ணீரை மளமளவென்று தலையில் ஊற்றிக்கொண்டான். நின்றபடியே இரண்டு இட்லி தின்றான். சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே சைக்கிளில் ஏறிப் போய்விட்டான்.